தோளைப் பார்

அத்தியாயம் 14

கால் இறுதியில் வாண்டு ஜெயித்ததைப் போன வாரம் பார்த்தோம். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியபோது, அவளுடைய அக்கா மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். லேஸ் அவிழவே இல்லை. அது அக்காவுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இன்றைக்கு அரையிறுதி.

போட்டிக்காக வாடகைக்கு எடுத்த வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று வாண்டுக்கு. ஆடுகிறவள் நன்றாகத் தூங்க வேண்டாமா? இன்னொன்று அப்பா அம்மாவுக்கு. அப்பாவுக்கு முதுகுவலி. அக்காவுக்கு ஹால் சோபா. அவளை அங்கே படுக்கும்படி யாரும் சொல்லவில்லை. வந்த அன்று பெட்டிகளை உள்ளே கொண்டுபோனபோது அவளுடைய பெட்டி மட்டும் ஹாலிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அவள் கண் விழித்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு நெட்டையான பெண் திரும்பத் திரும்ப இடது கையால் சர்வ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டியா? இங்க வா. இன்னைக்கு நீதான் கொக்கு."

கொக்கு என்பது இன்றைய எதிராளி. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கழுத்து. அந்தப் பெயரை வைத்ததே அக்காதான், இரண்டு பேரும் சின்னப் பெண்களாக ஒரே அகாடமியில் இருந்தபோது. இருவருமே இடதுகைக்காரிகள். அதனால்தான் இன்றைக்கு அக்காவுக்கு இந்த வேஷம்.

"அவ எப்படி வெளிய இழுத்து சர்வ் போடறாளோ அப்படியே போடணும். ஒரு மணி நேரம். உன் இஷ்டத்துக்கு அடிக்காத."

"சரிப்பா."

அம்மா முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள். "முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. எங்கயும் போயிடல."

அறைக்கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாண்டு வந்தாள். இருபது வயது. உலகத் தர வரிசையில் பதினோராவது இடம். வீட்டில் இன்னும் வாண்டுதான்.

"அக்கா, என் நீலக் கைப்பட்டை எங்க?"

"பையில ரெண்டாவது ஜிப்."

"பாத்தேனே, இல்லையே."

அக்கா எழுந்துபோய், இரண்டாவது ஜிப்பைத் திறந்து, நீலக் கைப்பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாண்டு அதைப் போட்டுக்கொண்டாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா அதற்குள் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.

"நாம இவள நெட்டுக்கு இழுத்துட்டா போதும்," என்றார்.

அந்த 'நாம' அக்காவின் காதில் எப்போதும் போல உறுத்தியது. வாண்டு ஜெயித்தால் அப்பாவுக்கு 'நாம ஜெயிச்சோம்.' நாலு வருஷத்துக்கு முன்னால் இதே போட்டியில் அக்கா தோற்றபோது அவர் சொன்னது 'நீ தோத்துட்ட.' முதல் சுற்று. ஓரத்துச் சின்ன கோர்ட். ஜெயிக்க இரண்டே பாயிண்ட் இருந்த நேரத்தில் லேசான ஒரு பந்தை நெட்டில் அடித்தாள். அடுத்த மாதமே முட்டி போயிற்று. ஆபரேஷன் முடிந்து அவள் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் வந்த அன்று, அப்பா வாண்டைக் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவே இல்லை என்று அக்காவுக்குச் சில சமயம் தோன்றும்.

*

பயிற்சி கோர்ட்டில் வெயில் இன்னும் சூடேறவில்லை. அக்கா கொக்கு மாதிரியே பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டு, வெளிப்பக்கமாகச் சுழற்றி அடித்தாள். வாண்டு ஓடி ஓடி எடுத்தாள். அப்பா கோட்டுக்கு வெளியே நின்று தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாண்டின் முறை. அவள் சர்வ் போட, அக்கா திருப்பி அடிக்க வேண்டும்.

மூன்றாவது சர்விலோ நாலாவதிலோ அக்காவின் கண்ணில் அது பட்டது.

வாண்டு பந்தைத் தரையில் தட்டி முடித்ததும், சில சமயம் தலையைச் சாய்த்துத் தாடையை வலது தோளில் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் துடைத்த ஒவ்வொரு முறையும் பந்து வெளிப்பக்கமாக வந்தது. துடைக்காதபோது நடுக்கோட்டை ஒட்டி வந்தது. போன மாதம்வரை இந்தப் பழக்கம் கிடையாது. போட்டி ஆரம்பித்து, தோளில் வலி வந்த பிறகு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அக்கா சரிபார்த்தாள். வாண்டு துடைத்தாள், அக்கா வெளியே ஒரு அடி எடுத்து வைத்துக் காத்திருந்தாள், பந்து அவள் ரேக்கெட்டைத் தேடி வந்தது. கோட்டோரமாகப் பளாரென்று அடித்தாள். அடுத்ததில் வாண்டு துடைக்கவில்லை, அக்கா நடுவில் நின்றாள், மறுபடி பளார். வரிசையாக நாலு பந்துக்கு வாண்டால் நகரக்கூட முடியவில்லை.

"என்னக்கா இது?" வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாலும் முகம் சுருங்கியிருந்தது.

அக்கா நெட்டை நோக்கி நடந்தாள். சொல்லிவிடத்தான் நடந்தாள், அதில் சந்தேகம் வேண்டாம். வாயைத் திறந்தும்விட்டாள்.

அதற்குள் அப்பா சிரித்தார். "இந்த அடிய அன்னைக்கு அடிச்சிருந்தா, இன்னைக்கு இங்க ரெண்டு பொண்ணுங்களோட வந்திருப்பேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"என்னவோ சொல்ல வந்தியே?" என்றாள் வாண்டு.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடி."

*

ஆட்டக்காரர்கள் சாப்பிடும் கூடத்தின் வாசலில் காவலாளி ஒருவர் கழுத்து அட்டைகளைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வாண்டின் அட்டையில் தங்க நிறக் கோடு. அக்காவின் அட்டையில் புகைப்படத்துக்குக் கீழே 'பயிற்சித் துணை' என்று இருந்தது. இரண்டு வாரமாகத் தினமும் பார்க்கிற காவலாளி இப்போதெல்லாம் அட்டையைப் பார்ப்பதில்லை. "வாங்க அக்கா," என்பார். வாண்டு கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு பிசியோ, ரேக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவர், இந்தக் காவலாளி என்று எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும்கூட.

வாண்டு தூங்கப் போயிருந்தாள். அப்பாவும் அம்மாவும் அவளுக்குக் காவல். அக்கா தட்டில் கொஞ்சம் சோறும் கோழியும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள்.

"கேப்டன்."

நிமிர்ந்தாள். கையில் சூப்புக் கிண்ணத்தோடு கொக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. ஜூனியர் இரட்டையரில் இரண்டு பேரும் சேர்ந்து கோப்பை வாங்கிய வருஷம், எந்தப் பந்தை யார் எடுப்பது என்று கோர்ட்டில் கத்திக்கொண்டே இருப்பாள் அக்கா. அதனால் கேப்டன்.

"உக்காரலாமா? இல்ல, எதிரி முகாம்ங்கறதால விரட்டிடுவியா?"

"உக்காரு. உன் கழுத்தால ஜன்னல மறைக்காம இருந்தா சரி."

கொக்கு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முட்டியைப் பற்றிக் கேட்டாள். அகாடமியில் ராத்திரி லைட்டை அணைத்தபிறகு இரண்டு பேரும் பிஸ்கெட் திருடித் தின்றதைச் சொன்னாள். பிறகு சூப்பைக் கிளறிக்கொண்டே, "ஒண்ணு சொல்லட்டுமா? போட்டி லிஸ்ட்ல உங்க வீட்டுப் பேரைப் பாத்தப்போ ஒரு நிமிஷம் நீதான்னு நினைச்சுட்டேன். சந்தோஷமா இருந்துச்சு. அப்புறந்தான் தங்கச்சின்னு புரிஞ்சுது," என்றாள்.

அக்கா சோற்றை விரலால் அளைந்தாள்.

"நீ ஆடியிருந்தா அவளவிட நல்லா ஆடியிருப்ப. இத நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்வேன்."

நாலு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அக்கா காத்திருந்தாள். அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அம்மா சொல்லியிருக்கலாம். கடைசியில் சொன்னது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் தங்கையோடு மோதப்போகிறவள்.

"அவ சர்வ்தான் எனக்குப் பயமா இருக்கு," கொக்கு தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம் வருதுன்னு தலகீழா நின்னாலும் தெரியல."

"தோளைப் பாரு."

சொன்னது தான்தானா என்று அக்காவுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. "தாடைய தோள்ல துடைச்சா வெளிப்பக்கம். துடைக்கலன்னா நடுவுல."

கொக்கின் கரண்டி நின்றது. சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தைவிட்டுப் போயிற்று.

"நான் இத உங்கிட்ட கேக்கல," என்றாள்.

"தெரியும்."

"சும்மா பேசத்தான் வந்தேன். சத்தியமா."

"தெரியும்னு சொன்னேன் இல்ல."

"அப்புறம் ஏன் சொன்ன?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொக்கு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு பாதிச் சூப்போடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, வேறு மேஜைக்குக்கூடப் போகாமல் நேராக வெளியே போய்விட்டாள்.

*

அரங்கத்தில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. குடும்பத்துக்கான முன்வரிசையில் அப்பா, நடுவில் அம்மா, அப்புறம் அக்கா. வாண்டு சர்வ் போடும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கைதட்டலின் சத்தத்தை வைத்தே பாயிண்ட் யாருக்கு என்று சொல்லிவிடுவாள்.

முதல் ஆறு கேம்கள் சமமாகப் போயின. கொக்கு தோளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பிடிவாதமாக இருப்பதுபோல, வாண்டு பந்தைத் தட்டும்போதெல்லாம் தன் ரேக்கெட் நரம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் சீராயிற்று. நடந்தது நடக்காமலே போய்விடலாம் என்று நினைத்தாள்.

மூன்றுக்கு மூன்று. வாண்டின் சர்வ். கொக்குக்கு அந்த கேமைப் பறிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. அரையிறுதியில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் எவ்வளவு நல்லவளுக்கும் மனசு தடுமாறத்தான் செய்யும்.

வாண்டு தாடையைத் தோளில் துடைத்தாள். கொக்கின் கண் நிமிர்ந்தது. அது நிமிர்ந்ததை அந்த அரங்கத்தில் அக்கா ஒருத்திதான் பார்த்தாள். கொக்கு வெளியே ஒரு அடி வைத்துக் காத்திருந்தாள். பளார்.

"எப்படி எடுத்தா அத?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு கொக்கு ரேக்கெட் நரம்பைப் பார்க்கவே இல்லை. ஆறு - மூன்று. முதல் செட் அவளுக்கு.

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்: அந்தக் கொஞ்ச நேரம் அக்காவுக்கு இனித்தது. கொக்கின் ஒவ்வொரு அடியும் அவளே அடித்தது போல இருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெரிய கோர்ட்டில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள், அவள் பேச்சு அங்கே பலித்துக்கொண்டிருந்தது. 'இப்போ சொல்லுங்கப்பா, நாம தோத்தோம்னு,' என்று மனசுக்குள் ஒரு குரல். அதைக் கேட்டு அவளே கொஞ்சம் பயந்தாள்.

அப்பா அம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "காலைல நீ அவள சரியா தயார் பண்ணல. உன் வீரத்த காட்டிக்கிட்டு இருந்த."

"அவளை விடுங்க. ஆட்டத்தைப் பாருங்க," என்றாள் அம்மா, கண்ணை மூடியபடியே.

இரண்டாவது செட்டும் கை நழுவ ஆரம்பித்தது. ஐந்துக்கு இரண்டு. பக்கம் மாறும் இடைவேளையில் வாண்டு நாற்காலியில் உட்கார்ந்து துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். துண்டுக்குக் கீழே அவள் முதுகு குலுங்கியது. எதிர்ப்பக்கத்துப் பெரிய திரையில் அது ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. கூட்டம் 'ஐயோ பாவம்' என்று ஒரு சத்தம் எழுப்பியது.

அந்தச் சத்தம்தான் அக்காவால் தாங்க முடியாமல் போயிற்று.

முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் தன் தங்கையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். இவளை அழவைக்கிற பாத்தியதை சின்ன வயதிலிருந்தே வீட்டுக்குள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த ஒருத்தி இப்படி ஊரைக் கூட்டி அழவைத்துவிட்டாள்.

வாண்டு எழுந்து இந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஆட்டக்காரி பக்கத்தில் வரும்போது குடும்பத்தார் ஓரிரு வார்த்தை சொல்ல இப்போது விதி இடம் கொடுக்கிறது. அப்பா, "கால அசை, கால அசை," என்று கத்திக்கொண்டிருந்தார். வாண்டு அவரைப் பார்க்கவில்லை. சிவந்த கண்ணோடு நேராக அக்காவைப் பார்த்து, "என்ன தப்பு பண்றேன்?" என்று கேட்டாள்.

அக்கா தடுப்பின்மேல் குனிந்தாள். "தோள்ல தாடைய துடைக்கற. துடைச்சா வெளிய போடறன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

வாண்டின் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நொடி அது போய், வேறு ஏதோ வந்தது. காலையில் வரிசையாக அடிபட்ட நாலு பந்தை அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்க நேரமில்லை. திரும்பி நடந்தாள்.

அடுத்த சர்வில் நன்றாகவே தாடையைத் துடைத்துக்கொண்டாள். கொக்கு வெளியே நகர்ந்தாள். பந்து நடுக்கோட்டில் விழுந்து பின்சுவரில் மோதியது.

அரங்கம் மறுபடி உயிர் பெற்றது. வரிசையாக ஐந்து கேம். ஏழு - ஐந்து. இரண்டாவது செட் வாண்டுக்கு. அப்பா எழுந்து நின்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினார். அம்மா முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து, "என்னடி சொன்ன அவகிட்ட?" என்று கேட்டாள். தாடையைத் தோளில் துடைக்கிற விஷயத்தை மட்டும் அக்கா இருவருக்கும் சொன்னாள்.

மூன்றாவது செட்டில் ஏமாற்று வேலை எடுபடவில்லை. கொக்கு தோளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்தாள். வாண்டு முதல் செட்டில் வீணாக ஓடிய ஓட்டமெல்லாம் இப்போது காலில் கனத்தது. நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று இழுத்துப் பிடித்தாள். கடைசியில் ஒரு பேக்ஹேண்ட் கோட்டைத் தாண்டி விழுந்தது. முடிந்தது.

நெட்டில் கை குலுக்கியபோது கொக்கு உடனே விடவில்லை. வாண்டை இழுத்து அணைத்துக்கொண்டு காதில் என்னவோ சொன்னாள். ஜெயித்தவள் தோற்றவளுக்குச் சொல்கிற ஆறுதல் என்று கூட்டம் கைதட்டியது. வாண்டு மட்டும் தலையைத் திருப்பிக் குடும்பத்தார் வரிசையைப் பார்த்தாள்.

*

பிசியோ அறையில் வாண்டு மேஜைமேல் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பிசியோ ஐஸ் எடுத்து வர வெளியே போனார். அறையில் இரண்டு பேர்தான்.

"கொக்கு என்ன சொன்னா தெரியுமா?" கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் வாண்டு. "மன்னிச்சிடுன்னா. உங்கக்கா மேல கோவப்படாதன்னா. எதுக்குக் கோவப்படணும்னு நீ சொல்லு."

அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல வழி இருந்தது. 'ஜெயிச்ச மப்புல உளறியிருப்பா' என்று சொல்லியிருக்கலாம். வாண்டு நம்பியும் இருப்பாள், நம்பத்தான் அவளுக்கு விருப்பம்.

"நான்தான் சொன்னேன். சாப்பிடற இடத்துல."

"காலைலயே உனக்குத் தெரிஞ்சிருந்தது."

"தெரிஞ்சிருந்தது."

"எங்கிட்ட சொல்லாம, அவகிட்ட சொன்ன."

"ஆமா."

"ஏன்?"

இந்தத் தடவை அக்கா பதில் சொன்னாள். "பொறாமை."

ஒரே வார்த்தை. வாண்டு எழுந்து உட்கார்ந்தாள். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று அக்கா காத்திருந்தாள்.

"உனக்கு மட்டும்தான் அது இருக்குன்னு நினைச்சியா?" என்றாள் வாண்டு. குரல் தாழ்ந்தே இருந்தது. "நீ முட்டிய உடைச்சுட்டு வந்தப்போ அம்மா உன்ன மடியில போட்டுக்கிட்டா. ஆறு மாசம் உன் ரூமவிட்டு நகரல. எனக்கு அப்போ பதினாறு வயசு. நான் தோத்துட்டு வந்தா அப்பா சாப்பிடக்கூட விடாம வீடியோ போட்டுக் காட்டுவாரு. இன்னைக்கும் அம்மா காலைல யாரோட வலியக் கேட்டா? உன் முட்டிய. என் தோள்வலிய இந்த ரெண்டு வாரமா யாராவது கேட்டீங்களா?"

அக்காவுக்கு நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. யாரும் கேட்டதில்லை. தோள்வலியால் வந்த பழக்கத்தைக் கண்டுபிடித்தவள்கூட, வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"நீ எப்போ ஆட்டத்த விட்டியோ அப்பவே உனக்கு விடுதல கிடைச்சிடுச்சு. உன்னப் பாத்து எத்தன நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

"வாண்டு..."

"தொடாத." கையைத் தள்ளிவிட்டாள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள். "அப்பாகிட்ட நீ எதுவும் சொல்லாத. நான் சொல்லிக்கறேன். எப்போ சொல்லணும்னு நான் பாத்துக்கறேன்."

பிசியோ ஐஸ் பையோடு உள்ளே வந்தார். "அக்கா, கொஞ்சம் நகருங்க," என்றார்.

*

வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பா கார் ஓட்டினார். பக்கத்தில் அம்மா. பின்சீட்டில் சகோதரிகள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரேக்கெட் பை.

வழக்கமாகத் தோற்ற நாளில் அப்பா முதல் சிக்னலிலேயே ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு மூன்று சிக்னல் தாண்டியும் பேசவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"பெரியவளே."

அவர் அப்படிக் கூப்பிட்டு வெகு காலமாகியிருந்தது. அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அந்தத் தோள் விஷயம். தினமும் அவ சர்வ் போடறத நான் பாக்கறேன். என் கண்ணுல படல. உன் கண்ணுல பட்டுச்சு. ரெண்டாவது செட்ட நமக்கு வாங்கிக் கொடுத்தது நீதான்."

நமக்கு, என்றார்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாண்டு அசையவில்லை.

"நான் யோசிச்சுட்டேன்," அப்பா சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார். "எனக்கு வயசாகுது. சத்தம் போடத்தான் தெரியுது, பாக்கத் தெரியல. இனிமே இவளுக்கு நீயே கோச்சா இரு. அடுத்த போட்டியிலிருந்தே. நான் பெட்டி தூக்கிக்கிட்டுப் பின்னால வர்றேன்." கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற வாண்டு?"

வாண்டு மெதுவாகத் திரும்பினாள். அப்பாவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் எங்கே பந்தைப் போடுவாள் என்று அளக்கிற பார்வை.

"எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள். "அக்காவுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

எத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய சொற்கள், எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டன. 'சரிப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா அவளுக்குத் திரும்பக் கிடைப்பார். தங்கையின் பக்கத்திலேயே காலமெல்லாம் நிற்கலாம். தங்கை எப்போது வாயைத் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

"காரை ஓரமா நிறுத்துங்கப்பா," என்றாள் அக்கா. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ரேக்கெட் பையைத் தாண்டி ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் வைத்த ஈரம் இன்னும் காயாத கை.

"வேணாம்க்கா."

அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாள். அது கெஞ்சலா மிரட்டலா என்று அக்காவுக்குப் புரியவில்லை. பிடியும் தளரவில்லை.

அப்பா ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். அம்மா இருக்கையில் முழுசாகத் திரும்பி, மகள்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடி, ரெண்டு பேரும் என்ன மறைக்கறீங்க?" என்றாள்.